தட்டில் மிஞ்ச வேண்டிய கோழி

வேகவைத்த கோழியின் முதுகில் கத்தியை வைத்து, இடது உள்ளங்கையால் அதன் மேல் ஒரு தட்டு. எலும்பு பிளக்கிறது, தோல் கிழிவதில்லை. ஒரு கோழிக்கு இருபத்து நான்கு துண்டு. ஒரு தாம்பாளத்துக்கு ஆறு பேர், ஆளுக்கு நான்கு. எலும்பு கீழே, மஞ்சள் தோல் மேலே. அதன் மேல் எலுமிச்சை இலையை நூல் நூலாக அரிந்து தூவ வேண்டும். லுவா இலையைக் கையில் எடுத்துப் பார்க்கிறாள். "இலையா இது, மாட்டுக்கு அறுத்த புல்லு. யாருடி நறுக்கினது?" நறுக்கியவள் பக்கத்தில்தான் நிற்கிறாள். அது தெரிந்துதான் கேட்கிறாள்.

வடக்கே, நாம்தின் நகரத்தை ஒட்டிய ஆற்றோரக் கிராமங்கள் ஏழெட்டில் கல்யாணம், திதி, புதுமனை எதுவானாலும் விருந்துச் சமையல் லுவாதான். வயது ஐம்பத்தேழு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் ஈரத் துண்டு. மூங்கில் குருத்துச் சாற்றைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். நன்றாக இருந்தால் எதுவும் சொல்ல மாட்டாள். இல்லையென்றால் அந்தப் பக்கமே யாரும் நிற்க முடியாது. ஒரு மாப்பிள்ளையின் சித்தப்பா பச்சை மிளகாய் கேட்டு அடுப்படிக்கு வந்து பட்ட பாட்டை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "காரம் வேணும்னா ஹுவேக்கு ரயிலேறு. இங்க கோழிக்குக் கோழி ருசிதான் இருக்கும்." அவர் அந்தத் திசைக்கே மறுபடி வரவில்லை.

அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குத்தான் தியென் மருமகளாக வந்தாள். லுவாவின் ஒரே மகன் துவான் தெற்கே செருப்பு ஆலையில் வேலை பார்த்தபோது பழகிய பெண். மேகோங் கழிமுகத்தில், தென்னைக்குப் பேர் போன பென்த்ரேக்காரி. அவள் ஊரில் பதிவுத் திருமணம் முடிந்து, விருந்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டாள். வந்த மூன்றாம் நாள் மீன் சமைத்தாள். லுவா மூடியைத் திறந்தாள். இளநீரும் சர்க்கரையும் சேர்ந்து கொதிக்கும் வாடை.

"மீன் குழம்பா, சர்க்கரைப் பாகா?"

"எங்க ஊர்ல இதுதான் அத்தை மீன் குழம்பு. உங்க மீனு உப்பளத்துல விழுந்து செத்த மாதிரி இருக்கு."

துவான் சோற்றுக் கிண்ணத்தோடு வாசலுக்கு நழுவிவிட்டான். லுவா அன்று பூராவும் பாத்திரங்களை உருட்டினாள். ஆனால் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரியிடம், "வந்திருக்கிறது வாயாடி," என்று அவள் சொன்னபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. கணவன் போய்ப் பதினாறு வருஷமாக அந்த வீட்டில் அவளுக்கு எதிர்ப்பேச்சு பேச ஆளில்லை.

போன மாதம் கல்யாண விருந்து நடந்தது. இருபத்தெட்டுத் தாம்பாளம். எல்லாமே லுவாவின் கை. பென்த்ரேயிலிருந்து இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். அவர்களைத் தனியாக உட்கார வைப்பது மரியாதையில்லை என்று, ஊர்ப் பெரியவர்களோடு கலந்து உட்கார வைத்தாள். தியெனின் அம்மாவும் சித்தியும் குவேக் கிழவியின் தாம்பாளத்தில். குவே சொன்னால் இந்த ஊர்ப் பெண்கள் மறுபேச்சு பேச மாட்டார்கள். அது பெரிய இடம்.

இந்த ஊரில் விருந்துக்கு வந்தவர்கள் சாற்றைக் குடிப்பார்கள், காய்ப் பொரியலைச் சாப்பிடுவார்கள். கோழியையும் பன்றி இறைச்சி உருண்டையையும் சிவப்புப் பசையரிசிச் சோற்றையும் தொட மாட்டார்கள். கடைசியில் மூத்தவள் அதை ஆறு பங்காகப் பிரிப்பாள். வீட்டில் காத்திருக்கும் குழந்தைகளுக்கும் படுத்த படுக்கையானவர்களுக்கும் அது போகும். பங்கு இல்லாமல் வெறுங்கையோடு திரும்புவது அவமானம்.

பென்த்ரேயில் அப்படி இல்லை. அங்கே தட்டில் கறி மிஞ்சினால் சமைத்தவள் அழுவாள்.

தியெனின் அம்மா கிழவிகளின் கிண்ணத்தில் கோழியை எடுத்து எடுத்து வைத்தாள். "சாப்பிடுங்க அக்கா, வீணாப் போனா சம்பந்திக்கு மனசு நோகும்." கிழவிகள் சிரித்துக்கொண்டே திரும்பத் தட்டில் வைத்தார்கள். பாவம், பல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தாள் அவள். தங்கையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். ரயிலில் வயிறு காய்ந்து வந்த இரண்டு பேரும் உட்கார்ந்து, சம்பந்தியின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, இருபத்து நான்கு துண்டையும் தின்று முடித்தார்கள். பிறகு அடுப்படிக்கு வந்து லுவாவின் கரிக் கைகளைப் பிடித்துக்கொண்டாள் அந்த அம்மா.

"ஒரு துண்டு விடல சம்பந்தி. அவ்வளவு ருசி. எம்பொண்ணு நல்ல கைக்குத்தான் வந்திருக்கா."

லுவாவுக்கு உள்ளே என்னவோ அறுந்து விழுந்தது. சொல்லியிருக்க வேண்டும். இருபத்தெட்டுத் தாம்பாளத்துக்கு உப்பு பார்த்தவள், இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டாள். மூச்சு விடுங்கள் என்று யாராவது விருந்தாளிக்குச் சொல்வார்களா? அப்படித்தான் அவளுக்கு அது தோன்றவேயில்லை. "நிறையச் சாப்பிட்டீங்களே, அதுவே போதும்," என்றாள்.

விருந்து முடிந்த மூன்றாம் நாள் டோஃபு வாங்கப் போன தியெனின் காதில் விழும்படி குவே பேசினாள். "தெக்கத்திக்காரிக்கு வயிறா, வைக்கப்போரா? எம்பேத்திக்கு ஒரு எலும்பு மிஞ்சல. பொண்ணு குடுக்க வந்தாளா, பசியாற வந்தாளா?" கடையே சிரித்தது. அதற்கு மறுநாள் ஆற்றுத்துறையில் வேறொருத்தி: "கோழிய மறைச்சு வைங்கடி, லுவா மருமக வரா."

தியென் வீட்டில் எதையும் சொல்லவில்லை. சோற்றைக் கீரைச் சாற்றில் நனைத்து விழுங்கிவிட்டு எழுந்தாள். ஒரு நாள், இரண்டு நாள், பதினோரு நாள். கறித் துண்டு அவள் கிண்ணத்தில் விழுந்தால் துவானின் கிண்ணத்துக்கு மாறியது. மீனுக்குச் சர்க்கரை போடுவதையும் நிறுத்திவிட்டாள். லுவா உப்பு அதிகமாகப் போட்டுப் பார்த்தாள். எதிர்ப்பேச்சு வரவில்லை.

"கோழி உன்னக் கடிக்குமாடி?" என்று ஒரு மத்தியானம் கத்திவிட்டாள்.

தியென் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கெழம ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டேன் அத்தை."

"எதுக்கு?"

"என்னைச் சொல்லட்டும், கேட்டுக்கறேன். எங்கம்மா, நாங்க அஞ்சு பேரும் சாப்பிட்டு மிஞ்சின தலையையும் காலையும் தின்னு வளத்தவ. அவளப் பாத்து வைக்கப்போருன்னு சொல்ற ஊர்ல எனக்குச் சோறு எறங்கல. உங்க மகன் வந்தா வரட்டும்."

லுவாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கொல்லைப்புறம் போய் வாத்துகளைத் திட்டினாள். விறகைப் பிளந்தாள். வேண்டியது பிளந்த பின்னும் பிளந்துகொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை குவேயின் வீட்டுக்காரருக்குத் திதி. பன்னிரண்டு தாம்பாளம். லுவாவை விட்டால் வேறு யாரைக் கூப்பிடுவது? போனாள். பாத்திரம் கழுவ என்று தியெனையும் இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. அடுப்படிப் பெண்கள் பயந்துவிட்டார்கள்.

எல்லாத் தாம்பாளமும் பாய்க்குப் போனதும் கையைத் துடைத்தாள். கொல்லையில் குந்தியிருந்த தியெனின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். "செருப்பக் கழட்டு. வா." நேராகக் குவேயின் தாம்பாளத்துக்குப் போனாள். அங்கிருந்த இரண்டு பேரைக் கண்ணாலேயே எழுப்பிவிட்டு, மருமகளை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள்.

"நீ எங்க இங்க? அடுப்ப யாரு பாக்குறது?" என்றாள் குவே.

"அடுப்பு எங்கயும் ஓடிடாது."

குவே பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். "அப்ப கோழிய இந்தப் பக்கம் நகத்துங்கடி."

பாய் முழுக்கச் சிரிப்பு ஓடியது. தியென் எழப் பார்த்தாள். லுவாவின் முழங்கை அவள் தொடையை அழுத்தியது.

"தப்பு என்னுது," என்றாள் லுவா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கடைசிப் பாய் வரை கேட்டது. "பழக்கத்தச் சொல்லிருக்கணும், சொல்லல. ஆனா நாலு பெரிய மனுஷிங்க உக்காந்திருந்தீங்களே. 'தங்கச்சி, இது எங்க ஊரு வழக்கம்'னு ஒருத்தி சொல்லிருந்தா நாக்கு தேஞ்சிருக்குமா? அந்தம்மா கோழிய உங்க கிண்ணத்துல வச்சா. எடுத்துத் திரும்ப வச்சிட்டுச் சிரிச்சீங்க. அப்புறம் எத்தன துண்டு தின்னான்னு எண்ணுனீங்க. என் வீட்டுக் கோழி. என் விருந்தாளி. எண்றதுக்கு நீங்க யாரு?"

"ஒரு கோழிக்கா இவ்வளவு பேச்சு?" என்றாள் குவே.

"அதத்தான் நானும் கேக்குறேன் அக்கா. ஒரு கோழிக்கா?"

லுவா தொடைத் துண்டைக் கையால் எடுத்தாள். முப்பது வருஷத்தில் தான் வைத்த தாம்பாளத்தில் அவள் கை வைத்ததில்லை. உப்பும் மிளகும் எலுமிச்சையும் கலந்ததில் தோய்த்து, பாய் முழுக்கப் பார்க்க, அவசரப்படாமல் தின்றாள். குருத்தெலும்பைக் கடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சுத்தமான எலும்பைக் குவேயின் கிண்ணத்துக்கு முன்னால் வைத்தாள்.

பிறகு இன்னொரு துண்டை எடுத்து தியெனின் வாய்க்கு நேரே நீட்டினாள். மருமகள் குவேயைப் பார்த்தாள், தாம்பாளத்தைப் பார்த்தாள், உதட்டை இறுக்கிக்கொண்டாள். கோழிக் கொழுப்பு லுவாவின் விரலிலிருந்து மணிக்கட்டுக்கும், அங்கிருந்து முழங்கைக்கும் வழிந்தது. தியென் வாயைத் திறக்கும் வரை அவள் கையை இறக்கவில்லை.