ஏழாம் கூண்டுக்குப் போன ஒரு கைப்பிடி பஞ்சு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளை எலியக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பத்தொன்பது வருடமாகச் சுண்டெலிக் கூண்டுகளைச் சுத்தம் செய்கிறாள். "நான் சாப்பிட்டேனான்னு கேக்க மாட்டா, எலி சாப்பிட்ட கதையத்தான் சொல்லுவா" என்று அவள் வீட்டுக்காரர் என்னிடமே புலம்பியிருக்கிறார். நான் பக்கத்து அறையில் தீவனம் எடை போடுகிறவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

போன வருடம் ஆராய்ச்சி செய்ய டாக்டரம்மா வந்தாள். அவளுக்கு இன்னும் பட்டம் வரவில்லை. அவசரப்பட்டு நாங்களே கொடுத்துவிட்டோம். பத்துக் கூண்டுக்கு வழக்கமான தீவனம். இன்னும் பத்துக் கூண்டுக்குக் கொழுப்பு நிறைந்த, நார்ச்சத்தே இல்லாத தீவனம். சாப்பாடு மட்டுமே குடலைப் புண்ணாக்குமா என்பதுதான் கேள்வி. ஆக்கியது. ஆறாவது வாரத்தில் கொழுப்புக் கூண்டு எலிகளுக்கு ஓயாமல் கழிந்தது, மலத்தில் ரத்தம் வந்தது, முதுகு கூனி மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. அந்தத் தீவனத்தை நிறுத்துக் கொடுத்தவன் நான். எனக்கே சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பத்தில் ஏழாம் கூண்டில் மட்டும் ஐந்து எலிகளும் கொழுகொழுவென்று ஓடித்திரிந்தன.

டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, இதுங்க உடம்புலயே ஏதோ காப்பு இருக்கு!" என்று நாற்பது பக்கம் எழுதிவிட்டாள். திங்கட்கிழமை ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை மதியம் எலியக்கா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"தம்பி, அது நான் பண்ண வேலைடா."

கூண்டு மாற்றும்போது எலிகள் மிரளும். அதனால் அவை கூடு கட்டிப் படுத்த பழைய பஞ்சில் ஒரு கைப்பிடி எடுத்துப் புதுக் கூண்டில் போடுவது வழக்கம். பழகிய வாசனை இருந்தால் அடங்கிவிடும். ஆனால் ஏழாம் கூண்டில்தான் முதலில் கழிச்சல் கண்டது. பஞ்சு முழுக்க நாறிப்போய்விட்டது. அதைப் போய் எப்படித் திரும்பப் போடுவது என்று மனசு கேட்காமல், பக்கத்துக் கூண்டிலிருந்து நல்ல பஞ்சை எடுத்து வாராவாரம் போட்டிருக்கிறாள். பக்கத்துக் கூண்டு, வழக்கமான தீவனம் தின்கிற எலிகளுடையது.

ஒரு கூண்டுப் பொருளை இன்னொரு கூண்டில் போட்டவர்களுக்கு எலி அறைக்குள் இனி இடமில்லை, அதுதான் விதி. "யாருக்கும் தெரியாதுக்கா. பேசாம இரு" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"அந்தப் பொண்ணு தெரியாம தப்ப எழுதிட்டு, நாளைக்கு நாலு பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு நேரே அவளிடம் போனாள்.

டாக்டரம்மா முதலில் அழுதாள். அப்புறம் கத்தினாள். அப்புறம் திடீரென்று நிறுத்தி, "அக்கா, அந்தப் பஞ்சுல புழுக்கை இருந்துச்சா?" என்றாள். இல்லாமல் இருக்குமா? எலி புழுக்கையைத் தின்னும். நல்ல குடலில் இருந்த நன்மை செய்யும் கிருமிகள் அந்த வழியாக ஏழாம் கூண்டுக்குப் போய் அந்த எலிகளைக் காப்பாற்றியிருக்கின்றன. அந்த ஐந்தையும் கணக்கிலிருந்து நீக்கினார்கள். அவற்றைக் கொன்று அறுத்துப் பார்த்தபோது குடலில் ஒரு புண் கூட இல்லை.

நாற்பது பக்கமும் குப்பைக்குப் போனது. எலியக்காவைக் கூண்டு கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே காலிக் கூண்டுகள்தான் வரும். பத்தொன்பது வருடம் பார்த்த எலிகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கூடப் பார்க்க விடவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா அவளை என் தராசுக்கு அழைத்து வந்தாள். அதே ஆராய்ச்சியை மறுபடி செய்கிறார்கள். இந்த முறை நல்ல கூண்டுப் பஞ்சை வேண்டுமென்றே போட்டு. எலியக்காவின் ஒரு கைப்பிடி எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

புதுப் பஞ்சை அள்ளி வைத்தாள். பதினொரு கிராம். மறுபடி வைத்தாள். அதே பதினொன்று.

"இந்தத் தடவையும் கடைசில அறுத்துத்தான் பாப்பீங்களாம்மா?"

"ஆமாக்கா."

எலியக்கா இன்னும் கொஞ்சம் கிள்ளித் தட்டில் வைத்தாள். பதினாலு காட்டியது.

"அக்கா, பதினொண்ணுதான் இருக்கணும்" என்றாள் டாக்டரம்மா, மெதுவாக.

எலியக்கா அந்த மூன்று கிராமைத் திருப்பி எடுத்து, கையில் பொத்திக்கொண்டே கழுவும் பகுதிக்குப் போனாள்.