செவலைப் பசு தந்த காய்ச்சல்

முதலில் வந்தது வியர்வைதான். எண்பதுகளின் நடுவில், விழுப்புரம் பக்கம் கெடாரில் எங்கள் நிலத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி முடித்திருந்த சமயம். பொழுது சாய்ந்தால் உடம்பு நடுங்கும், பிறகு கொதிக்கும். விடிவதற்குள் புடவை நனைந்து காய்ச்சல் இறங்கிவிடும். காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"சாயந்தரமானா மட்டும் எங்கேருந்துதான் வருதோ உனக்கு" என்றார் என் கணவர். கெட்டவர் இல்லை. ஆனாலும் நான் வேலைக்குப் பயந்து படுக்கிறேன் என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது.

விழுப்புரத்தில் ஒரு டாக்டர் டைபாய்டு என்று மருந்து கொடுத்தார். காய்ச்சல் அடங்கியது, திரும்ப வந்தது. இன்னொருவர் காசநோயாக இருக்கலாம் என்றார். அதற்குள் இடுப்பு மூட்டு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. அதைப் பார்த்தபிறகுதான் கணவர் என்னைப் புதுச்சேரிக்குப் பஸ் ஏற்றினார்.

அங்கே ஒரு லேடி டாக்டர், யாரும் கேட்காததைக் கேட்டார்.

"வீட்ல மாடு இருக்காம்மா?"

"இருக்குதுங்க. ஒரு செவலைப் பசு."

"கன்னு வீசுச்சா?" (சினை முற்றுவதற்குள் கன்று விழுந்துவிடுவதை அப்படித்தான் சொல்வோம்.)

வீசியிருந்தது. செத்த கன்று விழுந்த பிறகும் நஞ்சுக்கொடி இறங்கவில்லை. நான்தான் வெறும் கையை உள்ளே விட்டு எடுத்தேன். மல்லாட்டை பிடுங்கிய கை, விரலெல்லாம் வெடிப்பு. அது கொடுத்த கொஞ்சம் பாலையும் கறந்த சூட்டிலேயே குடித்தேன், உடம்புக்கு வலு என்று. பிள்ளைகளுக்குக் காய்ச்சித்தான் கொடுத்தேன். அது அவர்கள் அதிர்ஷ்டம்.

ரத்தத்தைச் சோதித்து, புரூசெல்லோசிஸ் (கன்று வீசும் மாட்டிடமிருந்து மனிதருக்கு ஒட்டும் காய்ச்சல்) என்றார்கள்.

"மாடு எங்க வாங்கினது?"

"வாங்கலைங்க. எங்கண்ணன் குடுத்தது."

அப்பா போன பிறகு என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அண்ணன். திண்டிவனத்துப் பக்கம் பிரம்மதேசத்தில் இருந்தார். பசுவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து லாரியில் ஏற்றி வந்து, "உம் பிள்ளைங்க பால் குடிக்கட்டும்" என்று கயிற்றை என் கையில் கொடுத்தவர். பிறந்த வீட்டிலிருந்து வந்த மாடு என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தவள் நான்.

நான் வார்டில் இருந்தபோது அண்ணி பார்க்க வந்தார். முதுகைத் தடவியவர் கையை எடுத்துப் பார்த்தார். ஈரம்.

"எனக்கும் இப்படித்தான் வள்ளி, ஊத்திக்கினே இருக்குது" என்றவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"அந்த மாடு அங்கியும் வீசுச்சா, அண்ணி?"

தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு தபா. மாட்டு டாக்டரு வந்து, இது மனுசனுக்கும் ஒட்டும், யாருக்கும் தள்ளிவுட்டுறாதன்னு உங்கண்ணங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. நான் உள்ளேருந்து கேட்டுக்கினுதான் இருந்தேன். வாயத் தொறக்கக்கூடாதுன்னாரு உங்கண்ணன்."

அண்ணியைத் திட்ட நினைத்தேன். அவர் கழுத்தெலும்பு துருத்தியிருந்ததைப் பார்த்து வாய் வரவில்லை. டாக்டரிடம் நானே சொன்னேன். அண்ணியின் ரத்தத்தையும் சோதித்தார்கள்; அதே நோய்.

மனைவியைத் தேடி அண்ணன் வந்தார். வராந்தாவில் நின்றபடி சொன்னார்: "சந்தையில யாரு வாங்குவா? ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. எடம் மாறினா சரியாயிடும்னு நெனச்சேன்."

"பிள்ளைங்க பால் குடிக்கட்டும்னு சொன்னியேண்ணா."

அழுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார், அவ்வளவுதான்.

தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, டெட்ராசைக்ளின் மாத்திரை. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஊசி போட்டுப் போட்டு உட்காரும் இடமெல்லாம் கட்டியானது. காது இரைந்தது. மெல்ல மெல்லக் காய்ச்சல் விட்டது.

வீடு திரும்பியபோது, பசுவைச் சந்தைக்கு ஓட்டக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார் என் கணவர்.

"வாங்கறவன் வூட்டுலயும் ஒரு பொம்பள இருப்பா" என்றேன்.

"அதுக்கு? கறவ இல்லாத மாட்டுக்குத் தீனி போட்டுக்கினு இருக்கறதா?"

"போடுங்க."

பொழுது சாய்வதற்குள் அவர் பசுவை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் தனியாகக் கட்டினார். சினைக்கு விடவில்லை, கறக்கவில்லை. சாகும்வரை அங்கேயே இருந்தது.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் மாடோ ஆடோ இருக்கலாம். கன்று வீசினால் வெறும் கையால் தொடாதீர்கள். விழுந்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள், நாய்க்கு எறியாதீர்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால், கேட்காவிட்டாலும் மாட்டைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள். மாட்டைக் கொடுப்பவர் யாரானாலும், கூடப்பிறந்தவரே ஆனாலும், அது வீசியதா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றும் தெரியாது.

அண்ணன் பொங்கலுக்கு வருகிறார். சோறு போடுகிறேன். "வாண்ணா" என்று கூப்பிட்ட வாயில் இப்போது "வாங்க" என்றுதான் வருகிறது. அவர் அதைக் கவனித்தாரா, தெரியவில்லை.

கிருமி எலும்புக்குள் வருஷக்கணக்கில் பதுங்கியிருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குணமாகிவிட்டதா என்று கேட்பவர்களிடம், இன்றைக்கு நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன். வரப்பில் நடக்கும்போது இடுப்பு சுருக்கென்றால் நின்றுவிடுவேன். களைத்து நிற்கிறேன் என்று நினைத்து மற்றவர்கள் முன்னே போய்விடுவார்கள். நான் அசையாமல் நின்று, உடம்பு அடுத்து என்ன செய்யப்போகிறது என்று காத்திருப்பேன்.