தேத்தண்ணி மேசையிலிருந்து எடுத்த வீடியோ

என் கையெழுத்து கோணல். எழுத்துப்பிழைகளும் நிறைய இருக்கும். எங்கள் கோயிலின் நத்தார் (கிறிஸ்மஸ்) மலரைத் தட்டச்சு செய்பவர்கள் பொறுமையாகத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதன் பிறகு ஷிப்ட் தாளில் நேரம் எழுதியதைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. பேசவும் வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே வாய் காய்ந்துவிடும். பேசியிருக்க வேண்டிய நேரத்தில் பேசாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எட்மண்டனில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் பின் மண்டபத்தில் தேத்தண்ணி ஊற்றுவது நான். யாரும் கேட்டுச் செய்வதில்லை. அந்தப் பெரிய கொதிபாத்திரத்துக்குப் பின்னால் நின்றால் "சீனி போடவோ?" என்பதற்கு மேல் பேச வேண்டியதில்லை. அதற்காகவே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் ஒருவர் எங்கள் கோயிலில் இருக்கிறார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர். வீடு கொடுக்கிற உள்ளூராட்சி, அந்தக் கவுன்சிலிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் அதை அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் எனக்கு வந்த ஒவ்வொரு படிவத்தையும் அவர்தான் நிரப்பினார். எங்கள் ஆட்களுக்கு மட்டும் என்றில்லை. அவருடைய பக்கத்து வீட்டில் ஒரு சோமாலி அம்மா இருந்தார். அவருக்கும் அக்காதான் படிவம் நிரப்பினார். நோன்புப் பெருநாளுக்கு அந்த வீட்டிலிருந்து சோறும் இறைச்சியும் வரும். நத்தாருக்கு அக்கா அதே தட்டில் கேக்கும் பயத்தம் பணியாரமும் வைத்துத் திருப்பிக் கொடுப்பார்.

கடந்த கவுன்சில் தேர்தலில் அக்கா தனியாக நின்றார். பின்னால் கட்சி எதுவும் இல்லை. நாங்கள் சிலர் மாலையில் அவரோடு வீடு வீடாகப் போனோம். அவர் கதவைத் தட்டிப் பேசுவார். நான் நோட்டீஸ் பையோடு வாசல் படலையடியில் நிற்பேன்.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு. அக்கா மண்டபத்தில் பேசுவதாக இருந்தது. தேத்தண்ணிக்கு வரிசையில் நின்ற டாக்சி ஓடும் ஒருவர் என்னைச் சீண்டினார்.

"அண்ணை, அக்காவுக்கு வோட்டுப் போடாட்டி இண்டைக்குத் தேத்தண்ணி இல்லையோ?"

நான் சிரித்தேன். அவர் விடவில்லை.

"நோட்டீஸை இப்ப ஆர் வாசிக்கினம்? கக்கூசுக்குள்ள இருந்து வீடியோ பாக்கிற சனம்தான் வோட்டுப் போடுது. அவ பேசேக்கை ஒரு வீடியோ எடுத்து விடுங்கோவன். அதுக்கு வாய் தேவையில்லைத்தானே?"

வாய் தேவையில்லை என்ற சொல் எனக்குப் பிடித்துப்போனது. போனை எடுத்து, கொதிபாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே பிடித்தேன்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரோ சொன்னதைச் சொல்ல வந்தால் அந்த ஆளாகவே மாறிவிடுவார். அன்றைக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுச் சாய்ந்து, காலுக்கு மேல் கால் போட்டு, கையை ஆட்டினார்.

"நேற்று வந்தவைக்கு வீடு, நாங்கள் வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறதோ? முதல் எங்கட ஆக்களுக்குத் தாங்கோ. மிஞ்சினால் அவைக்குக் குடுங்கோ!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அப்படிப் பேசுகிறவர்கள் எங்களுக்குள் யார் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அவர்களில் இரண்டு பேர் முன்வரிசையில் இருந்து சிரித்தார்கள். பிறகு அக்கா எழும்பி நின்றார். குரல் தணிந்துவிட்டது.

"நாங்கள் வந்திறங்கேக்கை எங்களையும் இப்பிடித்தான் சொன்னவை. அதை மறந்துபோட்டு ஒருத்தரும் எனக்கு வோட்டுப் போட வேண்டாம்."

வீட்டுக்குப் போய் வீடியோவை ஸ்டேட்டஸில் போடப் பார்த்தேன். நீளம் கூடிவிட்டது, ஒரு துண்டைத்தான் போடலாம் என்று போன் காட்டியது. எந்தத் துண்டு என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. சனம் சிரித்த துண்டை வெட்டி எடுத்தேன். அக்கா எப்படிப்பட்டவர் என்று உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். அதே துண்டைக் கோயில் ஆட்களின் போன் குழுவிலும் போட்டேன். எங்கிருந்தோ எனக்கு வந்ததை அனுப்புகிறேன் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பகிடியான வீடியோ என்று எங்கள் ஆட்கள் அதை வேறு குழுக்களுக்கு அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை அது திரும்பி வந்தபோது கீழே ஆங்கில எழுத்துகள் ஓடின. யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. மொழிபெயர்ப்பில் பிழை இல்லை என்று என் மகள் சொன்னாள். சிரிப்பொலியைக் கேட்டால், ஒரு மண்டபம் நிறைந்த தமிழர்கள் அந்தப் பேச்சுக்கு மகிழ்வதுபோல இருந்தது.

அன்று மாலை அக்கா வீட்டு வாசலில் நோட்டீஸ்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். சோமாலி அம்மா கையில் போனோடு வெளியே வந்தார். சத்தம் போடவில்லை.

"இது நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அக்கா பார்த்தார். "நான்தான். ஆனால் அது என்னுடைய கருத்து இல்லை. இன்னொருவர் பேசுவதைப்போல நடித்தேன். அதற்குப் பிறகு வேறு சொன்னேன்" என்றார்.

"அந்தப் பிறகு எங்கே?"

அது என் சட்டைப்பையில் இருந்தது. போனை எடுத்து நீட்டினால் போதும். நீட்டினால், வெட்டியது நான் என்று அந்த வாசலில் நின்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும். நான் குனிந்து நோட்டீஸ்களை அடுக்கினேன். அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கே குழுவில் அக்காவின் குரல் பதிவு வந்தது. "பிள்ளையள், ஆரட்டையாவது முழு வீடியோ இருந்தால் போடுங்கோ. எடுத்த ஆளில எனக்கு ஒரு கோவமும் இல்லை. முழுசா வேணும், அவ்வளவுதான்."

அதை எத்தனை தரம் போட்டுக் கேட்டேன் என்று தெரியாது, ஆனால் வீடியோவைப் போடவில்லை. புதன்கிழமை வேலைக்குப் போனேன், வந்தேன். வியாழக்கிழமை தேர்தல். எங்கள் தெருவில் அதுவரை அக்காவைக் கண்டால் கை காட்டுகிறவர்கள் அன்று வாக்குச்சாவடிக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அக்கா தோற்றுப்போனார்.

அடுத்த ஞாயிறு எல்லாரும் போனபின் அவர் கோப்பைகளைக் கழுவ வந்தார். நான் தரையைப் பார்த்தபடி சொன்னேன். "அக்கா, அந்த வீடியோ..."

"தெரியும் தம்பி." அவர் தண்ணீரை நிறுத்தவில்லை. "வீடியோவின்ர ஓரத்தில உம்மட கொதிபாத்திரம் நிக்குது. அந்த இடத்தில வேற ஆர் நிக்கிறது?"

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"குழுவில கேட்டனான்தானே. உம்மட பேரைச் சொல்லிக் கேட்டிருந்தா சனம் உம்மைத் திண்டிருக்கும். நீராச் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

எனக்கு அழுகை வந்தது. அவர் கையைத் துடைத்தார்.

"தேர்தல் போகட்டும். வாரும், பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டுவம்."

போனோம். சோமாலி அம்மா கதவைப் பாதி திறந்தபடி, போனை வாங்கி முழுவதையும் பார்த்தார். அக்கா ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். வந்திறங்கிய நாளைப் பற்றிப் பேசிய இடத்தில் அக்காவின் குரல் நடுங்கியது. போனிலும் நடுங்கியது, வாசலிலும் நடுங்கியது. அந்த அம்மா மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு போனின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"மற்றதில் ஆங்கில எழுத்து இருந்தது. இதில் இல்லை" என்றார். "நீங்கள் சொல்வதைத்தான் நான் நம்ப வேண்டும், இல்லையா?"

நான் வாயைத் திறந்தேன். வெட்டியது நான், பிழை என்னுடையது என்று சொல்ல ஆங்கிலத்தைத் தேடினேன். "சொறி" என்ற ஒரு சொல்தான் வந்தது. எதற்குச் சொல்கிறேன் என்று அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "ஓகே, ஓகே" என்று மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

அந்த வருடம் நத்தாருக்கு அக்கா தட்டைக் கொண்டுபோனார். வாங்கிக்கொண்டார்கள். தட்டு கழுவித் திரும்பி வந்தது. அதில் ஒன்றும் இருக்கவில்லை. போன வருடம் அந்தக் குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது. எங்கே என்று அக்காவுக்கே தெரியாது.

வருகிற வைகாசியில் மறுபடி கவுன்சில் தேர்தல். போன ஞாயிறு மண்டபத்தில் எல்லாரும் அக்காவை நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். "இல்லை, எனக்கு ஏலாது" என்றார். தேத்தண்ணி வரிசையில் ஒருவர், "அவவுக்குத் தோத்த பயம்" என்றார். இன்னொருவர், "அப்பிடிப் பேசினா தோக்காமல்?" என்றார். எங்கள் ஆட்களே அந்தத் துண்டை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அப்போதும் பேசவில்லை.

அதனால்தான் இதை மலருக்குக் கொடுக்கிறேன். பெயர் போட வேண்டியதில்லை. தேத்தண்ணி மேசை என்றாலே எல்லாருக்கும் தெரியும். முழு வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. இடம் போதவில்லை, எதையாவது அழி என்று போன் கேட்கும்போதெல்லாம் வேறு எதையாவது அழிக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் பூசை முடிந்து மேசைக்கு வந்து கேளுங்கள். காட்டுகிறேன்.

09.11.2025, ஞாயிற்றுக்கிழமை