பெறாதவள் தூக்கிய மூட்டைகள்

என் கொழுந்தன் மனைவிக்கு எங்கள் சலவைக்கடையில் ‘கிரேன்’ என்று பேர். விடுதிகளிலிருந்து வரும் படுக்கைவிரிப்பு மூட்டைகளை இருபத்தெட்டு வருடமாக அவள்தான் தூக்குகிறாள். நான் ஐந்து பெற்றவள். என் எலும்பிலிருந்த சத்தெல்லாம் பிள்ளைகளோடு போய்விட்டது என்பது வீட்டில் எழுதாத சட்டம். அவள் பெறவில்லை, ஆகவே அவள் எலும்பு இரும்பு என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். நான் மகாராணி மாதிரி உட்கார்ந்து விரிப்பு மடிப்பேன். இப்போது நினைத்தால் என்னை நானே நாலு சாத்து சாத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன மாதம் என் மூத்த மகள் என்னை எலும்பு ஸ்கேனுக்கு விரட்டினாள். என் பையைப் பிடித்துக்கொள்ளத்தான் கிரேன் கூட வந்தாள். டாக்டரம்மா அவளையும் விடவில்லை.

“உங்களுக்கு மாதவிடாய் எப்போ நின்னுச்சு?”

“முப்பத்தொம்பது வயசுல.”

“அப்ப நீங்களும் வந்து படுங்க.”

முடிவு வந்தது. என் எலும்பு வயதுக்குத் தக்கபடி நன்றாகவே இருந்தது. அவளுக்கோ இடுப்பெலும்பில் அடர்த்தி வெகுவாகக் குறைந்திருந்தது. வழுக்கி விழுந்தாலே முறியலாமாம்.

“மாத்திப் பாத்துட்டீங்க! அஞ்சு பெத்தவ நானு!” என்று சண்டைக்கே போய்விட்டேன்.

டாக்டரம்மா சிரித்தார். “கர்ப்பத்துலயும் பால் குடுக்கும்போதும் எலும்புல கொஞ்சம் குறையும்மா. பெரும்பாலும் அது திரும்பி வந்துடும். இவங்களுக்குச் சீக்கிரமே நின்னுபோச்சே, அதுதான் பெரிய விஷயம். பயப்படாதீங்க, முறியறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க. மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு. மூட்டை மட்டும் வேண்டாம்.”

கடைக்கு வந்ததும் அவள் நேராக மூட்டையிடம் போனாள்.

“கைய எடுடி!” என்று கத்தினேன்.

“தூக்கலேன்னா இந்த வீட்டுல நான் எதுக்குக்கா?”

அவள் அழவில்லை. பிள்ளை இல்லாததை முதுகால் ஈடுகட்டியிருக்கிறாள், பாவி! மூட்டையை அவிழ்த்து, இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நானே தூக்கினேன். பிரித்துத் தூக்கலாமே என்று இத்தனை வருடம் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“நீ படுத்துட்டா நான் யார்கூடடி சண்டை போடுவேன்?” என்றேன்.

அவள் மருந்துச் சீட்டை மடியிலிருந்து எடுத்தாள்.

“மருந்துக்கடை மூடறதுக்குள்ள வாங்கிட்டு வந்துடறேன்க்கா. இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன்.”