பதினொன்றரை மணி நேரம்தானே

விமான டிக்கெட் போடும் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் நாற்காலியைத் தேய்த்த அந்த மனிதரை எல்லோரும் ‘கிலோமீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே எவ்வளவு என்று கேட்டாலும், தூரமும் நேரமும் திரையைப் பார்க்காமலே அவர் வாயிலிருந்து கொட்டும். தான் ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை என்பதை மட்டும் கொட்ட மாட்டார்.

மனைவியின் அண்ணன் வாழ்ந்த ஊர் ஒன்பதாயிரத்து நூறு கிலோமீட்டர் தள்ளி. “ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாங்க” என்று அந்த அம்மாள் வருடம் தவறாமல் கேட்பார்.

“பதினொன்றரை மணி நேரம்தானே, எப்ப வேணா போய்க்கலாம்” என்பார் இவர், ஏதோ பக்கத்துத் தெரு பஸ் ஸ்டாப்பைச் சொல்வதுபோல. அப்படியே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

அண்ணன் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டதாகப் போன் வந்தது. அம்மாள் இந்த முறை எதுவும் கேட்கவில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கினார்.

நேர் விமானத்தில் இடமில்லை. நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டும். அங்கே எட்டு மணி நேரம் இரும்பு நாற்காலியில் தவம். படுக்க விடாமல் நடுவே கைப்பிடி வேறு.

“உங்க பதினொன்றரை எப்பவோ முடிஞ்சிருச்சே. இன்னும் பாதி வழியிலதானே இருக்கோம்?”

“அது பறக்கிற நேரம்மா. காத்திருக்கிறது அதுல வராது.”

“என் இடுப்புக்கு அது தெரியலையே.”

அடுத்த விமானத்தில் எதிரே இருந்த சின்னத் திரை மீதித் தூரத்தையும் நேரத்தையும் காட்டியது. கிலோமீட்டருக்கு உயிர் வந்துவிட்டது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, “அரை மணி நேரம் அதிகமா காட்டுதேம்மா?” என்றார், அந்தப் பெண்தான் தப்பாகப் போட்டதுபோல.

“எதிர்க்காத்து சார்.”

“பாத்தீங்களா? எங்க அண்ணன் வீட்டுக்குப் போறதுன்னா காத்துகூட உங்க கட்சிதான்” என்றார் மனைவி.

வீட்டைப் பூட்டி இருபத்தொன்பது மணி நேரம் கழித்து, வீங்கிய கால் உள்ளே போகாததால் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தார் கிலோமீட்டர். வாசலில் மைத்துனர் ஊன்றுகோலில் தொங்கிக்கொண்டிருந்தார். தலையில் கறுப்பு முடியைத் தேட வேண்டியிருந்தது.

“எப்பண்ணா இப்படிக் கிழவனான?” என்றார் மனைவி.

“நீ வர்றதுக்குள்ள ஆயிட்டேன்.”

இருவரும் சிரித்தார்கள்; சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கிலோமீட்டருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடினார்.

ஊர் திரும்பி வேலைக்குப் போன முதல் நாளே, வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக விசாரித்த ஒரு பெரியவரிடம், “வாசலுக்கு வாசல் முப்பது மணி நேரம் ஆகும். ஒரு சைஸ் பெரிய செருப்பா போடுங்க. ஆனா தள்ளிப்போடாம இந்த மாசமே போயிடுங்க” என்றார்.

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து பாய்ந்து வந்தார். “யோவ், டிக்கெட் விக்கிறியா, ஆளை விரட்டுறியா?”

பெரியவர் அங்கேயே இரண்டு டிக்கெட் போட்டார். முதலாளி வந்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டார். கிலோமீட்டர் அதே சூட்டில் தன் மனைவிக்கும் போன் போட்டார்.

“அடுத்த வருஷத்துக்கும் இப்பவே போட்டுடட்டுமா?”

“போடுங்க. எனக்கு மட்டும் போடுங்க. நீங்க வந்தா வழியெல்லாம் பாடம் நடத்துவீங்க.”