பதினேழு ஆகாத கை

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், மாமாவின் லயக் காம்பராவில் இருக்கும் ஒரே ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எக்ஸ்ரே படம் சிறு ஆணிகளால் அறையப்பட்டிருக்கிறது. படம் கறுப்பு. அதன் நடுவில் விரல்களை விரித்த ஓர் இடது கை, மணிக்கட்டோடு. கறுப்புப் பகுதி வெளிச்சத்தை விடுவதில்லை. ஆகவே கதவைச் சாத்திவிட்டால் அந்த அறைக்குள் வருகிற பகல் முழுவதும் அந்த எலும்புகளின் வழியாகத்தான் வர வேண்டும். கீழ் மூலையில் ஓர் எண் தெரியும். அந்த எண்ணை வைத்தவள் நான். கை, மாமாவின் மூத்த மகனுடையது. படம் எடுத்தபோது அவனுக்குப் பதினேழு ஆகியிருக்கவில்லை. அதை நிரூபிக்கத்தான் எடுத்தோம்.

மாமா என் அம்மாவின் தம்பி. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைச் சுருட்டும் ரோலர்களில் வேலை. சனிக்கிழமைப் பகல் தனக்கு வேண்டும் என்பதற்காகவே வெள்ளிக்கிழமை இரவு முறையைக் கேட்டு வாங்கிக்கொள்வார். காரணம், டவுனில் கொலேஜ் என்று எல்லாரும் சொல்லும் பெரிய பாடசாலையின் உதைபந்தாட்டம். அந்தக் கொலேஜில் அவர் ஒரு நாளும் படித்ததில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் ‘எங்க கொலேஜ்’ என்றுதான் சொல்வார். மைதானத்தின் ஒரு கோலுக்குப் பின்னால் தேயிலை நட்ட மேடு ஒன்று உண்டு. ஏழெட்டுத் தோட்டத்து ஆட்கள் தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு அங்கே நிற்பார்கள். மூடுபனி இறங்கினால் எதிர்க் கோல் மறைந்துவிடும். அப்போது பந்து எங்கே இருக்கிறது என்பதை உதைக்கும் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அதில் மாமா பேர் போனவர். “ரைட்டுல வருது... ரைட்டுல வருது... விழுடா!” என்று அவர் கத்த, கோலில் நிற்கிறவன் பந்தைப் பார்ப்பதற்கு முன்பே விழுவான்.

நான் சிறுமியாக அவர் பக்கத்தில் நின்ற ஒரு நாள், எதிர்க் கொலேஜ் மாணவன் ஒருவன் மேட்டைப் பார்த்துக் கேட்டான்: “யோவ், நீங்க எந்த வகுப்பு?”

“எட்டாம் வகுப்பு தம்பி,” என்றார் மாமா. “பதினஞ்சு வருஷமா பெயில். அதான் வெளிய விடமாட்டேங்குறாங்க.” மேடே குலுங்கியது.

இதை எழுதும்போது இன்னொரு சனிக்கிழமையையும் விட்டுவிட முடியாது. ஒரு வருடம் எதிர்க் கொலேஜின் கோலில் நின்றவனுக்கு நல்ல மீசை இருந்தது. பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டி. மாமா தொடங்கிவைத்தார்: “தாத்தாவ வெளிய எடு! பேரப்புள்ள பாத்துட்டு நிக்குது!” மேடு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. ஆட்டம் நின்றது, முறையீடு போனது. அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் வயதுக்கு எழுத்துச் சான்று வேண்டும் என்று போட்டிக் குழு விதி போட்டது. அந்தச் செய்தியை மாமா ஊர்வலம் போல லயத்துக்குக் கொண்டு வந்தார். “ரூல்னா ரூல்தான். இனி ஒருத்தன் ஏமாத்த முடியாது,” என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

அவருடைய பெரியவன் கோல்கீப்பர் ஆனது யாரும் திட்டமிட்டதல்ல. மேட்டில் நின்று வளர்ந்தவன், மேட்டிலிருந்து உருண்டு விழப் பழகினான். டவுனில் சிறிய தமிழ்ப் பாடசாலையில் படித்தபடி தோட்டத்து அணிக்கு ஆடினான். கொலேஜ் அணி ஒரு முறை எங்கள் தோட்டத்தோடு பயிற்சி ஆட்டம் ஆடியபோது, கொலேஜின் விளையாட்டு மாஸ்டர் அரை மணி நேரம் அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மாணவர்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒரு விளையாட்டு வீரனுக்குக் கொடுக்கும் உபகாரச் சம்பளம் ஒன்று இருந்தது: படிப்பு, விடுதி, சாப்பாடு, பூட்ஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நிபந்தனை ஒன்றே. ஜனவரி முதலாம் திகதி பதினேழு வயது நிறைந்திருக்கக் கூடாது. அவனுக்குப் பதினேழு நிறைய அந்தத் திகதியிலிருந்து இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பொங்கலுக்கு அடுத்த நாள் நான் முதலாம் வகுப்பில் சேர்ந்து சிலேட்டோடு திரும்பி வந்த நாளில்தான், “மாமாவுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு” என்று அம்மா வாசலிலேயே சொன்னாள்.

அந்த இடம் கிடைத்தால் அவன் எஸ்.எஸ்.சி. பரீட்சை எழுதுவான். கிடைக்காவிட்டால் பெரட்டுக்குப் போவான். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் அந்த வரிசையில் அவனும் ஒருவனாக நிற்பான். நடுவில் வேறு வழி இல்லை.

அந்த வருடங்களில் எங்கள் ஆட்களிடம் எல்லாரும் காகிதம் கேட்டார்கள். பிரஜாவுரிமைக்குக் கேட்டார்கள், இந்தியாவுக்குத் திரும்பும் பயணத்துக்குக் கேட்டார்கள், இப்போது பந்து பிடிக்கவும் கேட்டார்கள். பெரியவனுக்குப் பிறப்புச் சான்று இல்லை. அவன் பிறந்தது மாமியின் தாய்வீட்டில், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில். இங்கே பதிவார்கள் என்று அந்தத் தோட்டம் விட்டுவிட்டது. அங்கே பதிந்திருப்பார்கள் என்று இந்தத் தோட்டம் விட்டுவிட்டது. சான்று இல்லாவிட்டால் தோட்டத்துரையின் கடிதம் போதும் என்றது கொலேஜ். மாமா தோட்டத்து அலுவலகமான கந்தோரில் கேட்டார். கிளாக்கர் புத்தகத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்து, துரையிடம் கையெழுத்து வாங்கி, உறையை ஒட்டிக் கொடுத்தார். மழையில் நனையாமலிருக்க மாமா அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து நாலு மைல் நடந்து கொண்டுபோய்க் கொடுத்தார். உறைக்குள் பதினெட்டு என்று இருந்தது.

அது கிளாக்கரின் தவறு அல்ல. இரண்டரை வருடத்துக்கு முன் மாமா கால் முறிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். பெரியவனைப் பேர் பதிய அனுப்பினார். பேர் பதிவது என்றால் செக்ரோல் என்னும் வேலையாள் புத்தகத்தில் ஏறுவது. பதினான்கு என்றால் அரைப் பேர், அரைச் சம்பளம்; பதினாறு என்றால் முழுப் பேர், முழுச் சம்பளம். தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படி இரண்டு வயது உண்டு. மாமா பதினாறு என்று சொல்லச் சொன்னார், எழுதினார்கள். கால் ஆறியது, பிள்ளை பாடசாலைக்குத் திரும்பினான், அதை எல்லாரும் மறந்தோம். புத்தகம் மறக்கவில்லை.

கொலேஜ் அதிபர் கதவை உடனே மூடிவிடவில்லை. அரசாங்க டொக்டரிடம் எக்ஸ்ரே எடுத்து வயதுச் சான்று கொண்டு வரலாம் என்றார். அப்போது நான் கொழும்பில் பயிற்சி முடித்து வந்து, மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே அறையில் இரண்டாவது வருடம் வேலை செய்துகொண்டிருந்தேன். வேலையில் எனக்கு ஒரு பழக்கம்: ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதி வைத்துக்கொள்வேன். அன்று காலையும் ஒரு தாளில் எழுதினேன். செக்ரோல், பதினெட்டு. மாமா, பதினாறு. நான், பதினாறு. பிறப்புச் சான்று, இல்லை. எலும்பு என்று எழுதி அதன் எதிரே இடம் விட்டேன்.

மாமா இரண்டு பிள்ளைகளோடும் வந்தார். சின்னவனுக்குப் பதினான்கு வயது. இருவர் தலையிலும் எண்ணெய் படிய வாரியிருந்தது. இருவருக்கும் ஒரே துணியில் சட்டை.

“சின்னவன ஏன் மாமா கூட்டிட்டு வந்தீங்க?”

“டவுன் பாக்கணும்னான்.” அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பாப்பா, ஒரு கைதான எடுக்கப் போற? சின்னவன் கைய எடுத்துடு. எலும்புல பேரா எழுதியிருக்கு?”

“எலும்புல எழுதல மாமா. படத்துல நான்தான நம்பர் வைக்கணும்.”

“பொய் சொல்லச் சொல்லலியே. இவனுக்குப் பதினேழு ஆகலன்னு ஒனக்கே தெரியும். தெரிஞ்சதச் சொல்லுன்னுதான கேக்குறேன்.”

வெளியே பெஞ்சில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். சின்னவன் ஒன்றும் புரியாமல் கையை நீட்டிக்கொண்டே நின்றான், அவ்வளவு சுத்தமாகக் கழுவிய கை. முடிவில் பேசியது பெரியவன்.

“வேணாம்ப்பா. கோல்ல நிக்கப் போறது என் கை. அதையே எடுக்கட்டும்.”

மேசையில் கையை வைத்தான். இடது சுண்டுவிரல் வளைந்திருந்தது, எப்போதோ பந்து பட்டு முறிந்து தானாகச் சேர்ந்தது. அசையாதே என்றேன். அவன் அசையவில்லை.

படம் கழுவும் இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். மருந்தில் படத்தை அமிழ்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இதற்கு முன் அந்த நிமிடங்களை நான் நீளமானவையாக உணர்ந்ததில்லை. வளருகிற பிள்ளைக்கு மணிக்கட்டுக்கு மேலே எலும்பின் நுனியில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு தெரியும். வளர்ச்சி முடிய முடிய அந்தக் கோடு மூடிக்கொள்ளும். கோடு முழுதாகத் தெரிந்தால் மாமா பிழைத்தார். மூடியிருந்தால் செக்ரோல் வென்றது. முதலில் சுண்டுவிரலின் வளைவு வந்தது. பிறகு உள்ளங்கை. பிறகு மணிக்கட்டு. கோடு இருந்தது. நூல் போல இருந்தது. நடுவில் விட்டுவிட்டு இருந்தது. கதவுக்கு வெளியே, “பாப்பா, ஆச்சா?” என்ற குரல் கேட்டது. இன்னும் இல்லை மாமா என்றேன். படம் கழுவி முடிந்த பிறகும் அப்படியே சொன்னேன்.

டொக்டர் எலும்புப் படங்கள் உள்ள பெரிய புத்தகத்தைத் திறந்து, ஈரப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, நெடுநேரம் பார்த்தார். சிங்களவர், நிதானமான மனிதர். எலும்பு திகதி சொல்லாது, ஒரு இடைவெளியைத்தான் சொல்லும் என்று விளக்கினார். பதினாறுக்குக் குறையாது, பதினெட்டுக்கு மேற்படாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். என் தாளில் விட்டிருந்த இடத்தில் அதை எழுதினேன். அந்த வரி மற்ற எல்லா வரிகளோடும் ஒத்துப்போனது.

சான்றையும் படத்தையும் கொடுக்க லீவு எடுத்துக்கொண்டு நானும் கொலேஜுக்குப் போனேன். அதிபர் யாழ்ப்பாணத்தவர். எங்களை உட்கார வைத்தார், மாமா உட்காரவில்லை. என் சிலேட்டு நாளைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன் பிள்ளை. ஆனா நீங்கள் சொந்தக்காரர்,” என்றார். பிறகு தோட்டத்துக் கடிதத்தை எடுத்து மாமாவிடம் காட்டினார். “இதை நீங்கள்தானே கொண்டு வந்து தந்தனீங்கள்? டொக்டர் இதைப் பிழை எண்டு சொல்லேல்லை. அவர் சொல்லாததை நான் எப்படிச் சொல்லுறது?”

மாமா கடிதத்தைப் பார்த்தார். வாசிக்க அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பதினெட்டு என்ற எண்ணை மட்டும் பார்த்தார்.

“ரூல்னா ரூல்தாங்க ஐயா,” என்றார்.

படத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினோம். கீழே மைதானத்தில் கொலேஜ் அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. மாமா நின்றார். கோலில் ஒரு மெலிந்த மாணவன் இடப் பக்கம் வந்த பந்தை விட்டுவிட்டான். “எடது பக்கம் விழத் தெரியல இவனுக்கு,” என்றார் மாமா, என்னிடமல்ல. நீ மனம் வைத்திருந்தால் என்று ஒரு சொல், அன்றும் சரி, இந்த மூன்று வருடத்திலும் சரி, அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சின்னவனின் கையை எடுத்திருந்தால் அது ‘பதினேழு ஆகவில்லை’ என்று பளிச்சென்று சொல்லியிருக்கும். அது உண்மை. பெரியவனின் கை ஒன்றும் சொல்லவில்லை, அதுவும் உண்மை. இன்று கேட்டாலும் நான் பெரியவனின் கையைத்தான் மேசையில் வைப்பேன்.

பெரியவன் அடுத்த வாரமே பெரட்டில் நின்றான். இப்போது தகப்பனோடு ஸ்டோரில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து அணிக்கு ஆடுகிறான். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள்.

சென்ற தைப்பொங்கலுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை அங்கே போயிருந்தேன். வெளியே சாரல். படத்தின் ஒரு மூலை ஆணி கழன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் காம்பராவுக்குப் புதிதாக வந்திருந்த பெண் உப்புக் கேட்க வந்து, ஜன்னலைப் பார்த்துத் திடுக்கிட்டாள். “இது யாரு கைங்க?”

“கோல்கீப்பர் கை,” என்றார் மாமா. ஆணியை விரலால் அழுத்தி ஏற்றிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். “பாப்பா, நீ படிச்சவ. அந்தக் கோடு இன்னும் இருக்கா பாரு.”

எழுந்து போய்ப் பார்த்தேன். மூலையில் என் எண். வளைந்த சுண்டுவிரல். மணிக்கட்டுக்கு மேலே நூலளவு கறுப்பு, நடுவில் விட்டுவிட்டு.

“இருக்கு மாமா.”

“அப்ப இன்னும் பதினேழு ஆகல,” என்றார். கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். இரண்டு மணிக்கு ஆட்டம். எங்க கொலேஜ், இந்த வருடமும் கோலில் ஆள் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே மழையில் இறங்கினார்.