டீக்கு முந்தின ஒரு மணி நேரம்

மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். தைராய்டு மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை, ஆனாலும் அசதி விடவில்லை. ஒருமுறை கொழுந்து எடை போடும் வரிசையில் நின்றபடியே தூங்கிவிட்டேன். வேலையையே விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டார், "மாத்திரைய எதுகூட முழுங்குறீங்க?"

"டீயிலதான். காலையில தண்ணி யாரு குடிக்கா?"

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டீயில முழுங்கினா மருந்து உடம்புல சேராது. வெறும் வயித்துல தண்ணிதான். ஒரு மணி நேரம் கழிச்சு டீ."

மறுநாள் மாத்திரையை விழுங்கிவிட்டு, டீயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், கண் விழித்ததும் டம்ளர் தேடுபவர், தன் டீயையும் மூடிவைத்தார். "வா, அதுவரைக்கும் நடப்போம்."

அசதி மெல்ல மெல்லப் போனது. இப்போது தினமும் காலை நடையில், மேட்டில் மூச்சு வாங்குவது அவருக்குத்தான். எனக்காக டீயையே தள்ளிவைத்தவர். நின்று, அவரையும் கூட்டிக்கொண்டுதான் ஏறுகிறேன்.